பத்தாவது காரணம்

செல்வராஜுக்கு அனுமதி மறுக்கப்பட்டது.

அது அவருக்குப் புதிதில்லை. ஊர்வலத்துக்கு மறுத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கிக்கு மறுத்திருக்கிறார்கள். ஒருமுறை செங்கல்பட்டில் உண்ணாவிரதத்துக்கு மனுப்போட்டபோது, பட்டினி கிடப்பதற்கும் அனுமதி இல்லை என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறார். கல்யாணப் போட்டோவை விட அது அரையடி பெரியது.

ஆனால் இத்தனை வருஷத்தில் மறுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தொப்பியாவது நாற்காலியாவது இருந்தது. இந்தமுறை மறுத்தது அவர் வீட்டுக் கணினி.

விஷயம் இதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் விரைவுப் பேருந்துகள் திருவிடந்தையில் நிற்பதில்லை. கை காட்டினால் ஓட்டுநர்களும் பதிலுக்குக் கை காட்டிவிட்டுப் போகிறார்கள். இதை எதிர்த்து ஒரு போராட்டக் குழு. அதற்குத் தலைவர் செல்வராஜ். இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் என்பதால் குழுவுக்கு இணையத்தில் ஒரு பலகையும் இருந்தது. கடவுச்சொல் வைத்திருக்கும் உறுப்பினர்கள் மட்டும் உள்ளே போகலாம். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு நிற்காமல் ஓடியது என்று அதில் பதிவார்கள். தங்களுக்குள் கடிதமும் எழுதிக்கொள்வார்கள்.

வருகிற ஞாயிறு காலை மாமல்லபுரத்தில் கூட்டம். அங்கே பெரிய திரையில், நிற்காத பேருந்துகளின் பட்டியல் சிவப்பு எழுத்தில் ஓடவேண்டும் என்று செல்வராஜ் முடிவு செய்தார். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் வாங்கிய 'முப்பது நாளில் இணையப் பக்கம்' என்ற புத்தகத்தைப் பதினொரு நாளில் முடித்தார். தானே ஒரு பக்கம் எழுதினார். தலைப்பு வந்தது. சிவப்பு வந்தது. பட்டியல் வரவேண்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. பலகையிலிருந்து பட்டியலை எடுத்துவரும் கட்டளைக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி நின்றது: பெர்மிஷன் டினைடு.

"யாருடா நீ?" என்று கத்தினார்.

அந்த நேரம் பார்த்து லோகநாயகியின் கம்பெனி வண்டி வாசலில் அவளை இறக்கிவிட்டுப் போனது. செல்வராஜின் மனைவி அவள். சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். "முன்னாடி வூட்ல சம்பளம் இல்லாம செஞ்சுகினு இருந்தேன்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள்.

"இன்னாங்க, சட்டை கூட போடாம மிஷின் கிட்ட சண்டை போட்டுகினு கீறீங்க?"

"லோகு, இது அனுமதி மறுக்குது."

"எது?"

"இதுதான். என் வூடு, என் மிஷின், நான் எழுதின பக்கம், எங்க குழுவோட பலகை. நடுவுல மறுக்கறதுக்கு இவன் யாரு?"

அவள் கைப்பையைக் கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தாள். "ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் தொறந்தீங்களா?"

"ஆமா."

"அதான். பக்கம் உங்க டிஸ்க்ல கீது. பட்டியல் எங்கயோ ஒரு சர்வர்ல கீது. ஒரு எடத்துலேர்ந்து வந்த பக்கம் வேற எடத்து விஷயத்தைப் படிக்கக் கூடாது. பிரவுசரோட ரூலு."

"எந்தத் தேர்தல்ல ஜெயிச்சி இந்த ரூலு போட்டான்?"

"நம்ம ரேஷன் கார்டு திருவிடந்தை கடையில கீது. நெம்மேலி கடையில போயி சக்கரை கேட்டா குடுப்பானா?"

"தொண்ணூத்தெட்டுல நான் நெம்மேலி கடை வாசல்ல படுத்துக் கேட்டேன்."

"குடுத்தானா?"

"ஜீப்புல ஏத்தினாங்க. அது வேற விஷயம்."

லோகநாயகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒண்ணு செய்யலாம். உங்க மிஷின்லயே சின்னதா ஒரு சர்வர் ஓட்டலாம். பக்கத்தையும் அதுவே குடுக்கும். பட்டியலையும் அதுவே போயி வாங்கியாந்து குடுக்கும். பிரவுசருக்கு ரெண்டும் ஒரே வாசல்ல வந்த மாதிரி இருக்கும். அரை மணி வேலை, நானே போட்டுத் தரேன்."

"அதாவது, நமக்குச் சேர வேண்டியதை நடுவுல ஒருத்தன் வாங்கி நமக்குக் குடுப்பான்."

"ஆமா."

"அதுக்குப் பேரு தரகு. மீன் ஏலத்துல தரகனை எதுத்து மூணு வருஷம் கோர்ட்டுக்குப் போனவன் நான். என் வூட்டுக்குள்ள தரகனா?"

"சரி, அப்ப பலகை நடத்தறவரைக் கேளுங்க. இன்னார் பக்கம் படிக்கலாம்னு அவரு சர்வர்ல ஒரு வரி சேத்துட்டா போதும்."

பலகையை நடத்துபவர் ஆபிரகாம். குழுவின் துணைத் தலைவர். செல்வராஜ் எழுந்து நின்றுவிட்டார்.

"ஆபிரகாம் கிட்ட நான் அனுமதி கேக்கறதா?"

"கேக்காதீங்க. சிவப்பா காலி டப்பாவைக் காட்டிகினு நில்லுங்க." லோகநாயகி அடுக்களைப் பக்கம் நடந்தாள். பாதியில் திரும்பினாள். "அதெல்லாம் கெடக்கட்டும். ஞாயித்துக்கெழமை ரோகிணி நிச்சயதார்த்தம். அக்கா பத்து தடவை போன் பண்ணிட்டா. மறந்துடாதீங்க."

"மறப்பனா?" என்றார் செல்வராஜ்.

அவர் மறக்கவில்லை. மூன்று வாரமாக அதை நினைத்துத்தான் சாப்பாடு இறங்காமல் இருந்தார். ரோகிணி, லோகநாயகியின் அக்கா மகள். அப்பா இல்லாத பெண். சபையில் அவளுக்காகத் தட்டு மாற்றவேண்டியவர் சித்தப்பா செல்வராஜ்தான். அதுகூடப் பரவாயில்லை. எதிரே உட்காரப்போகிற மாப்பிள்ளையின் அப்பா யார்? ரவிச்சந்திரன். தொண்ணூற்றாறில் மறைமலை நகர்த் தொழிற்சாலையில் பணியாளர் அதிகாரியாக இருந்து, செல்வராஜை இடைநீக்கம் செய்த அதே ரவிச்சந்திரன். "ரவிச்சந்திரனே, பதில் சொல்!" என்று நாற்பது நாள் வாயில் முன்னால் அவர் போட்ட முழக்கத்துக்கு இன்றுவரை பதில் வரவில்லை. பதிலுக்குப் பதிலாக இப்போது வெற்றிலை பாக்கு வருகிறது.

'மாட்டேன்' என்று சொல்லலாம். ஐந்து மந்திரிகளிடம் நேருக்கு நேர் சொல்லியிருக்கிறார். லோகநாயகியிடம் மட்டும் அந்த வார்த்தை வாயில் வராது. அதனால்தான் கூட்டத்தை அதே ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தார். மீதியை வயிறு பார்த்துக்கொள்ளும்.

மறுநாள் காலை முச்சந்தியில் மைதீனின் பிரவுசிங் சென்டருக்குப் போனார். ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னாலிருந்து மைதீன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா அண்ணாத்த, மூஞ்சி வாடிக் கீது?"

செல்வராஜ் சொன்னார். மைதீன் சிரித்தான்.

"இதுக்கா இவ்ளோ பேஜாரு? பிரவுசர் ஐகான்ல ரைட் கிளிக் பண்ணு. கடைசில ரெண்டு கோடு போட்டு ஒரு வாசகம் எழுதறேன். பாதுகாப்பு மொத்தமும் ஆஃப். எந்தப் பக்கமும் எதை வேணா படிக்கும்."

"சட்டவிரோதமா?" என்று செல்வராஜ் ஆசையாகக் கேட்டார்.

"இல்ல அண்ணாத்த. டெஸ்ட் பண்றவங்க செய்யறதுதான்."

கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இருந்தாலும் வாசகத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு" என்றான் மைதீன். "டெஸ்ட் முடிஞ்சதும் மூடிடு. அந்த பிரவுசர்ல வேற எதையும் தொறக்காத. முக்கியமா, எங்கயாவது லாகின் பண்ணி வச்சிக்கினு..."

செல்வராஜ் அதற்குள் சாலையைக் கடந்துவிட்டார். எந்தப் பேச்சுவார்த்தையிலும் இரண்டாவது பாதியைக் கேட்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

வீட்டுக்கு வந்து இரண்டு கோடு போட்டார். பலகையில் தன் பெயரில் நுழைந்தார். பக்கத்தைத் திறந்தார். ஓடியது! காலை ஆறு பத்து, நிற்கவில்லை. ஆறு நாற்பது, நிற்கவில்லை. ஏழு ஐந்து, நிற்கவில்லை, கையும் காட்டவில்லை. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகல எழுத்தில், ரத்தச் சிவப்பில். செல்வராஜ் தனியாக எழுந்து நின்று, முஷ்டியை உயர்த்தி, மின்விசிறியைப் பார்த்து முழக்கமிட்டார். அந்தப் புதிய ஐகானுக்கு 'விடுதலை' என்று பெயர் வைத்தார். பழைய ஐகானை அடிமைச் சின்னம் என்று அழித்தார். இனி இந்த வீட்டில் எதைத் திறந்தாலும் விடுதலை வழியாகத்தான்.

அந்த வேகத்திலேயே பலகையில் தோழர்களுக்கு ஒரு கடிதமும் எழுதிப் போட்டார்.

சாயங்காலம் லோகநாயகி திரையைப் பார்த்தாள். "விடுதலையா? இது இன்னா?"

செல்வராஜ் விளக்கினார். விளக்கம் இருபது நிமிஷம் ஓடியது. நடுவில் பிரெஞ்சுப் புரட்சி வந்து போனது. லோகநாயகி ஐகானில் ரைட் கிளிக் செய்து, கடைசியில் இருந்த இரண்டு கோட்டைப் பார்த்தாள்.

"ஓ" என்றாள்.

அந்த 'ஓ' அவரை உஷார்ப்படுத்தியிருக்க வேண்டும். ஜெயித்த மனிதனுக்கு அது காதில் விழாது.

"இதுல வேற பக்கம் தொறக்காதீங்க" என்றாள். "எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்தையும் படிக்கும்."

"படிக்கட்டும்! எல்லாரும் எல்லாத்தையும் படிக்கணும்னுதானே இருபது வருஷமா துண்டறிக்கை போடறேன்?"

"உங்களுக்கு ரகசியம் ஒண்ணும் இல்லையே?"

"மக்கள் முன்னாடி எனக்கு ஏது ரகசியம்?"

"அப்ப சரி. வயிறு எப்படி கீது?"

"வயிறா? நல்லாதான் கீது. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சனிக்கிழமை. அவளுக்கு விடுமுறை. காலைப் பலகாரத்தில் செல்வராஜ் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, முகத்தை லேசாகச் சுளித்தார். முன்னேற்பாடு. பிறகு கணினி முன் உட்கார்ந்து வழக்கம்போல் பலகைக்குள் நுழைந்தார். திரை ஓரத்தில் ஒரு புதிய கோப்பு இருந்தது. பெயர்: 'செல்வராஜ் ஏன் விலக வேண்டும்? பத்துக் காரணங்கள்.'

"லோகு! இது இன்னா?"

"அதுவா? யாரோ ஊருக்குள்ள சுத்துல வுட்டுகினு கீறாங்களாம். மைதீன் பாய் பென் டிரைவ்ல குடுத்தாரு. நீங்க பாக்காதீங்க, மனசு கஷ்டப்படும்."

தன்னைத் திட்டி எழுதியதைப் படிக்காமல் விட்டதாகச் செல்வராஜின் வாழ்க்கையில் ஒரு நாள் கூட இல்லை. போலீஸ் குற்றப்பத்திரிகையையே இலக்கணம் திருத்தித் திருப்பிக் கொடுத்தவர். சிவப்புப் பேனாவும் வெள்ளைத் தாளும் எடுத்து வைத்துக்கொண்டார். விடுதலையில் திறந்தார்.

முதல் காரணம்: ஐந்து நிமிஷம் என்று சொல்லி ஐம்பது நிமிஷம் பேசுவார். 'ஐம்பது அல்ல, நாற்பத்தைந்து' என்று தாளில் மறுப்பு எழுதினார். மூன்றாவது: எதிரிகளை விட ஆதரவாளர்களிடம் அதிகம் கோபிப்பார். இதற்கு மறுப்பு ஒரு பக்கத்துக்குப் போனது, கோபமாக. ஆறாவது: பேருந்து நிஜமாகவே நின்றுவிட்டால் இவர் ஏறமாட்டார், நிறுத்தவைத்த வரலாற்றை ஓட்டுநருக்கு விளக்கிக்கொண்டிருப்பார். பேனா சற்றுத் தயங்கியது. ஒன்பதாவது: வீட்டில் அப்பளம் பொரிந்துகொண்டிருக்கும்போது எண்ணெயைப் பார்க்கச் சொன்னால் எண்ணெய் அரசியலைப் பார்ப்பார்.

"ஆபிரகாமுக்கு நம்ம வூட்டு அப்பளம் எப்படித் தெரியும்?" என்று முணுமுணுத்தார்.

அரை மணி நேரம் ஆகியிருந்தது. பத்தாவது காரணத்துக்கு வந்தார். அது ஒரு பெட்டிக்குள் இருந்தது. படித்தார். நல்ல நடை. பழகிய நடை. தன் நடை போலவே...

'தோழர்களே, ஞாயிறு கூட்டத்துக்குத் தலைமையேற்க நான் உறுதியாக வருவேன். அன்று செங்கல்பட்டில் என் மனைவி வழியில் ஒரு நிச்சயதார்த்தம். என்னை இடைநீக்கம் செய்த கையிலிருந்து தாம்பூலத் தட்டு வாங்குவது என் போராட்ட வரலாற்றுக்கு இழுக்கு. எனவே சனிக்கிழமை மாலை முதல் எனக்கு வயிற்றுப்போக்கு. மனைவி மட்டும் செல்வார். நலம் விசாரிக்க யாரும் வீட்டுக்கு வரவேண்டாம். புரட்சி வாழ்த்துகளுடன், செல்வராஜ்.'

பின்னால் காபி டம்ளர் மேசையில் உட்கார்ந்தது.

"எத்தினி மணிக்கு, தலைவரே?"

"எது எத்தினி மணிக்கு?"

"வயித்துப்போக்கு. சாயந்தரம்னு போட்டு கீது. மணி இப்ப பதினொண்ணுதான் ஆவுது. இட்லி ஏன் ரெண்டோட நிறுத்திட்டீங்க?"

தற்காப்பு என்பது செல்வராஜின் அகராதியில் கிடையாது. சுழன்று திரும்பினார். "இது கடவுச்சொல் போட்ட பலகை! உறுப்பினர் கடிதம்! இதை நீ எப்படிப் படிச்சே?"

"நான் எங்க படிச்சேன்? நான் எழுதின பக்கம் படிச்சிது. ஒம்பது காரணம் நான் எழுதினேன். பத்தாவதுக்கு, உங்க பலகையில வயித்தைப் பத்தி நீங்க எழுதினது எதுனா இருந்தா எடுத்தாரச் சொன்னேன். நீங்க உள்ள லாகின் பண்ணிகினு கீறீங்க, காவலையும் கழட்டி வச்சிட்டீங்க. உங்க சிவப்புப் பக்கம் பட்டியல் எடுத்தாந்த அதே வழில இதுவும் போயி எடுத்தாந்துச்சு."

"என் கடிதத்தைத் தொட உனக்கு யாரு அனு..."



"சொல்லுங்க" என்றாள் லோகநாயகி. "யாரு இன்னா குடுத்தா?"

செல்வராஜ் காபியை எடுத்துக் குடித்தார்.

"அண்ணன் வூட்டு கிரகப்பிரவேசம், வயித்துவலி" என்று அவள் விரல் மடக்கினாள். "பெரியம்மா பேரன் காதுகுத்து, வயித்துவலி. போன ஆடிக் கிருத்திகை, வயித்துவலி. மூணு தடவை அதே மாதிரி வந்தா அதுக்கு வைத்தியம் கெடையாதுங்க. எங்க ஆபீஸ்ல அதை 'பக்', அதாவது பிழைன்னு பதிவோம்."

"லோகு, உனக்குப் புரியல." குரல் இறங்கியது. "அந்த ஆளு மெமோ குடுக்கும்போது எந்திரிச்சி வந்து வாங்குன்னான். நான் எந்திரிக்கல. அவனே நடந்து வந்து குடுத்தான். பதிமூணு வருஷமா எனக்குன்னு கீறது அந்த ஒண்ணுதான். இப்ப அவன் முன்னாடி போயி நிக்கச் சொல்றியா?"

"தட்டு மாத்தறது உக்காந்துகினுதான். யாரும் நிக்க வேணாம்." அவளும் குரலை இறக்கினாள். "அவரு குடுக்கறதை நீங்க வாங்கணும்னா, நீங்க குடுக்கறதை அவரும் வாங்கணும் இல்ல? பொண்ணு வூட்டுப் பெரியவங்க எத்தினியோ பேரு கீறாங்க. ரோகிணி உங்களைத்தான் கேட்டா. 'யாருக்கும் பயப்படாத ஆளு என் பக்கம் உக்காரட்டும், சித்தி'ன்னா. அந்தப் பொண்ணு கிட்ட போயி நான் இன்னான்னு சொல்றது? பயப்படாதவருக்கு வயித்தால போவுதுன்னா?"

செல்வராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு விரைவுப் பேருந்து நிற்காமல் போனது.

"முடியாது" என்றார் கடைசியில், முழு மார்பையும் நிமிர்த்தி. "ரோகிணிக்காக வேற இன்னா வேணா செய்யறேன். ஆனா கூட்டம்? நான் அறிவிச்ச கூட்டத்தை இருபது வருஷத்துல ஒரு தடவை கூட தள்ளிவச்சதில்ல. புயல்ல கூட ஒரு ஆளை வச்சி நடத்தினேன். அந்த ஆளும் நான்தான்."

"கீழ போங்க."

"எங்க?"

"பக்கத்துல. பத்தாவது காரணத்துக்கும் கீழ."

போனார். அங்கே பலகையின் அறிவிப்பு ஒன்று இருந்தது. அனுப்பியவர்: செல்வராஜ். நேரம்: காலை பத்து இருபத்தெட்டு. அதாவது அவர் முதல் காரணத்துக்கு மறுப்பு எழுதத் தொடங்கியபோது.

'தோழர்களே, என் மகள் முறைப் பெண்ணின் நிச்சயதார்த்தத்தை முன்னிட்டு ஞாயிறு கூட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது. முந்தைய கடிதத்தை ரத்து செய்கிறேன். வயிறு நலம். நான் செய்ய இருந்தது தவறு.'

தவறு! அவர் கையெழுத்துக்குக் கீழே, மன்னிக்கவும், மேலே, அந்த வார்த்தை இதுவரை வந்ததே இல்லை. அதற்கடியில் ஏழு பதில்கள். 'மிக்க மகிழ்ச்சி, எனக்கும் ஞாயிறு வேலை இருந்தது.' 'அப்பாடா.' கடைசியாக ஆபிரகாம்: 'தோழரின் சுயவிமர்சனத்தை நெகிழ்ச்சியோடு வரவேற்கிறேன். இருபது வருஷம் காத்திருந்தேன்.'

"மறுப்பு அறிக்கை விடுவேன்!" செல்வராஜ் எழுந்தார். "இதை நான் எழுதல!"

"விடுங்க. நீங்க என் பக்கத்தைத் தொறந்ததும் அதுவே உங்க பேருல, உங்க லாகின்ல, உங்க மிஷின்லேர்ந்து அனுப்பிடுச்சு. எப்படின்னு ஆபிரகாம் கேப்பாரு. காவலை நானே கழட்டினேன், பொண்டாட்டி பூந்துட்டான்னு போடுங்க. எழுதும்போது 'புகுந்துவிட்டாள்'னு எழுதுங்க, 'ன்' போட்டா ஆண்பால் ஆயிடும், பாத்துக்குங்க."

செல்வராஜ் உட்கார்ந்தார்.

ஞாயிறு செங்கல்பட்டில் அவர் போராடாமல் இல்லை. ரவிச்சந்திரனுக்கு இப்போது தலை முழுக்க நரை. தட்டை நீட்டினார். செல்வராஜும் நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை. ரவிச்சந்திரனும் பழைய ஆள், அவரும் விடவில்லை. இரண்டு தட்டும் நடுவில் நின்று நடுங்கின. ஒரு வாழைப்பழம் உருண்டு விழுந்தது. புரோகிதர் மந்திரத்தை நிறுத்தினார். ரோகிணி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"நீங்கதான் அன்னிக்கும் எழுந்திருக்கல" என்றார் ரவிச்சந்திரன் மெதுவாக. "நான்தானே நடந்து வந்தேன்." முதலில் விட்டவர் அவர்தான்.

செல்வராஜ் நிமிர்ந்து சபையைப் பார்த்தார். நாற்பது நாள் முழக்கத்துக்குப் பதில் வந்துவிட்டது. அன்று மூன்று முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். வயிறு ஒன்றும் செய்யவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் லோகநாயகி சொன்னபடி அரை மணியில் சர்வரைப் போட்டுக் கொடுத்தாள். பக்கமும் பட்டியலும் ஒரே வாசல் வழியாக வந்தன. சிவப்பு ஓடியது. காவலும் இருந்தது. செல்வராஜ் தரகனுக்கு அனுமதி கொடுத்தார்.

மிஞ்சியிருந்தது விடுதலைதான். அதன் மேல் அம்பை வைத்து, அழிக்கும் பொத்தானை அழுத்தினார். நிச்சயமாகவா என்று கணினி கேட்டது. ஐந்து மந்திரிகளைப் பார்த்த செல்வராஜ், ஒரு நிமிஷம் யோசித்து, அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"லோகு, இதை அழிச்சிடட்டுமா?"

"வேணாம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடுத்த மாசம் கல்யாணம் கீது. அது வரைக்கும் எனக்கு வேணும்."